1,024 பாட்டன் பாட்டிகள்

ஒரு பழைய காகிதத்தில் ‘ரெட்டியபட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது எந்த ரெட்டியபட்டி என்று தென் மாவட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்ட தபால்காரராலும் சொல்ல முடியாது. அதனால்தான் மனிதருக்கு வைப்பதுபோல ஊருக்கும் இனிஷியல் வைத்திருக்கிறோம். திருச்சுழி வட்டத்தில், கண்மாயும் கம்மங்காடும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் வானம்பார்த்த பூமியில் இருப்பது எம்.ரெட்டியபட்டி. கடல் கடந்து போன ஒருவரின் கொள்ளுப்பேரன் ‘ரெட்டியபட்டி, மதுரை ஜில்லா’ என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு மதுரையில் வந்து இறங்கினால், அவர் மதுரையைச் சுற்றித் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்.

காரணம் எளிது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரை திருச்சுழிப் பக்கம் மதுரை ஜில்லாவில் இருந்தது. அதன்பின் 75 ஆண்டுகள் ‘ராம்நாடு ஜில்லா’. 1985இல் காமராஜர் மாவட்டம். 1997இல் தலைவர்களின் பெயர்கள் மாவட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டபோது விருதுநகர் மாவட்டம். ஊர் ஓரடிகூட நகரவில்லை, முகவரி மூன்று தடவை மாறிவிட்டது. 1879 டிசம்பரில் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி மதுரை ஜில்லாக்காரர். அதே தெருவில் 1920இல் பிறந்த குழந்தை ராம்நாடு. முன்னோரைத் தேடுகிறவர் கற்க வேண்டிய முதல் பாடம் இந்த நிர்வாக வரலாறுதான்.

இதற்கெல்லாம் முறையாகப் பாடம் நடத்துகிறார்களா என்றால், நடத்துகிறார்கள். லண்டனில் குடும்ப வரலாற்று ஆய்வாளர்களுக்கென்று 1911இல் ஒரு சங்கம் தோன்றியது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அதற்கும் முன்பே, 1894இல், ஒரு சங்கம் வந்துவிட்டது. இறந்துபோன முன்னோருக்கும் ஞானஸ்நானம் செய்யலாம் என்பது மார்மன் சபையாரின் நம்பிக்கை. அதற்கு முன்னோரின் பெயர் தெரிந்தாக வேண்டுமே! அந்தத் தேவை வளர்ந்து உலகத்திலேயே பெரிய வம்சாவளி ஆவணக் களஞ்சியமாக நிற்கிறது. ஹரித்வாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைக்கும் யாத்திரிகர் ஏடுகளைக்கூட அவர்கள் மைக்ரோஃபிலிம் எடுத்திருக்கிறார்கள். அதே சபையின் ஆதரவில் சால்ட் லேக் சிட்டியில் 2011 முதல் ‘ரூட்ஸ்டெக்’ மாநாடு நடக்கிறது. 2021இல் அது இணையவழி நடந்தபோது பதிவு செய்துகொண்டவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல்.

அந்த மாதிரிப் பயிலரங்குகளில் தொடக்கப் பாடம் ஒன்று உண்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ. ராஜராஜ சோழனிடமிருந்து கீழே இறங்கி வராதே, உன்னிடமிருந்து மேலே ஏறு. நம்மவர்களுக்கு இது சுலபமாக வராது. குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு மன்னரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவோம்.

ஏறுவதற்கு ஒரு எண்முறை சொல்லித்தருவார்கள். 1590இல் மிகாயேல் ஐட்சிங்கர் என்ற ஆஸ்திரியர் தம் நூலில் பயன்படுத்திய முறை அது. உங்கள் எண் 1. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. உங்கள் அப்பா 2, அம்மா 3. அப்பாவைப் பெற்ற தாத்தா 4, அப்பத்தா 5, அம்மாவைப் பெற்ற தாத்தா 6, அம்மாச்சி 7. எண்ணைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். 14 என்றால் ஏழின் அப்பா, அதாவது அம்மாச்சியின் தகப்பனார். முதல் எண்ணைத் தவிர, இரட்டை எண் எல்லாம் ஆண், ஒற்றை எண் எல்லாம் பெண்.

இதை எம்.ரெட்டியபட்டியில் வைத்துச் செய்துபாருங்கள், வேடிக்கை தொடங்கும். அக்கா மகளைக் கட்டிய ஒருவரின் பிள்ளைக்கு எண் போடுவோம். பிள்ளையின் அப்பாவைப் பெற்றவர் 4. அம்மாச்சி, எண் 7, யார்? அப்பாவின் அக்கா. அவளுடைய தகப்பனார் 14. ஆனால் அக்காவுக்கும் தம்பிக்கும் தகப்பன் ஒருவர்தானே! 4ஆம் எண்காரரும் 14ஆம் எண்காரரும் ஒரே ஆள். ஒரு வழியில் தாத்தா, இன்னொரு வழியில் பூட்டன். மாமன் மகளைக் கட்டியிருந்தால் குழப்பம் வேறு விதம். அப்பத்தாவும் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் உடன்பிறந்தவர்கள். அதனால் 10ஆம் எண்ணும் 12ஆம் எண்ணும் ஒருவர், 11ஆம் எண்ணும் 13ஆம் எண்ணும் ஒருவர். எட்டுப் பேர் இருக்க வேண்டிய வரிசையில் ஆறு பேர்தான் இருப்பார்கள்.

மரபியலுக்கும் இது கணக்குத்தான். மாமன் மகள் அல்லது அத்தை மகளை மணந்தவரின் பிள்ளைக்கு, சராசரியாக, மரபணுவில் பதினாறில் ஒரு பங்கு அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே முன்னோரின் ஒரே நகலாக வந்து சேரும். அக்கா மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. மறைந்திருக்கும் ஒரு நோய்க்கூறு இரண்டு பக்கமும் கைகோத்து வெளியே வர அது வாய்ப்பாகிறது.

இனி ஏறுகிற கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னோர் இரட்டிப்பாகிறார்கள். பத்துத் தலைமுறைக்கு முன் 1,024 இடங்கள். தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று வைத்தால் அது முந்நூறு ஆண்டு, சேதுபதிகள் இராமநாதபுரத்தில் ஆண்டுகொண்டிருந்த காலம். இருபது தலைமுறைக்கு முன் பத்து லட்சத்துக்கும் மேல். முப்பது தலைமுறைக்கு முன் 107 கோடி. ஆனால் அந்தக் காலத்தில், பிற்காலச் சோழர் ஆட்சியில், உலகம் முழுவதற்குமே மக்கள்தொகை ஐம்பது கோடியைத் தொட்டிருக்கவில்லை. அப்படியானால் மிச்சப் பேர் எங்கே? மிச்சம் என்று யாரும் இல்லை. ஒரே ஆட்கள் ஆயிரக்கணக்கான இடங்களில் திரும்பத் திரும்ப உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வறண்ட காட்டில் ஒரு ஊரிலிருந்து நடந்துபோகும் தொலைவில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவு. தங்கள் சாதிக்குள் மட்டும்தான் உறவு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் மேலே ஏறிப் பார்க்கலாம்.

இந்த 1,024 பேரில் எத்தனை பேரை நம் மரபு நினைவில் வைத்திருக்கிறது? மாசி சிவராத்திரிக்கு குலதெய்வம் கோயில் முன்னால் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். அங்கே ஒரே வரி போட்டு ஒன்றாகப் பொங்கல் வைப்பவர்கள் பங்காளிகள். அப்பா, அவருடைய அப்பா, அவருடைய அப்பா என்று நூல் பிடித்தாற்போல ஏறும் ஒற்றை வழி. கல்யாணமானால் பெண் புருஷனுடைய குலதெய்வத்துக்கு மாறிவிடுகிறாள், ஆண் மாறுவதில்லை. பங்காளிக்குள் பெண் எடுப்பதில்லை.

மனித உடம்புக்குள் இதே வழியில் இறங்குவது ஒய் குரோமோசோம். ஏறத்தாழ ஆறு கோடி எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டு அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. மற்ற குரோமோசோம்கள் தலைமுறைதோறும் கலைந்து கலந்து அடுக்கப்படும்போது, இதன் பெரும்பகுதி கலக்காமல் அப்படியே இறங்குகிறது. எப்போதாவது ஒரு எழுத்துப் பிழை விழும், அந்தப் பிழை அடுத்து வரும் ஆண்கள் எல்லாரிடமும் நிற்கும். குலதெய்வம் கோயிலில் ஒரே பங்காளி வகையறாவாக நிற்கும் ஆண்களிடம் அந்தப் பிழைகள் பெரும்பாலும் ஒத்துப்போக வேண்டும். சுவீகாரம் வந்தவர், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து மாமனார் சாமியையே கும்பிடத் தொடங்கியவர் ஆகியோரின் வாரிசுகளிடம் ஒத்துப்போகாமல் இருக்கலாம். சாமி கும்பிடுவதில் ஒன்றாக இருப்பவர்கள் ரத்தத்தில் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதில் அவமானமும் இல்லை.

சரி, அம்மா வழி? அங்கேதான் இந்த வட்டாரம் ஆச்சரியப்பட வைக்கிறது. மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்புக்குள் 16,569 எழுத்து நீளத்தில் ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. அது அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும், அடுத்த தலைமுறைக்கு மகள் மட்டுமே கடத்துவாள். உலகத்தின் பெரும்பாலான சமூகங்களில் இந்த வழிக்குப் பெயரே கிடையாது. ஆனால் பழைய இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் கொண்டையங்கோட்டை மறவர்களிடம் ‘கிளை’ என்ற பிரிவு தாய் வழியாக இறங்குகிறது. கிளைகள் சேர்ந்து கொத்து. அப்பாவின் கிளை வேறு, பிள்ளைகளின் கிளை வேறு. பிள்ளைகளுக்கு அம்மாவின் கிளைதான். ஒரே கிளைக்குள் சம்பந்தம் கிடையாது. சொத்து அப்பா வழியில் போகும் சமூகத்தில் கிளை மட்டும் அம்மா வழியில். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலேயே இது பதிவாகியிருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் டி.என்.ஏ. இருப்பதை விஞ்ஞானம் கண்டதோ 1960களில். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கும்போது ‘என்ன கிளை?’ என்று கேட்ட பாட்டிகள், தெரியாமலே, ஒரு மரபியல் வழியைக் காத்துவந்திருக்கிறார்கள்.

பெருமைப்படலாம், ஆனால் கணக்கை மறக்கக் கூடாது. பங்காளி வழி ஒன்று, கிளை வழி ஒன்று. பத்தாம் தலைமுறையில் இரண்டும் சேர்ந்து காட்டுவது 1,024 பேரில் இரண்டே இரண்டு பேரை. மற்ற 1,022 பேரும் உங்களைப் பெற்றவர்கள்தாம். சோதனைக்கூடத்துக்கு எச்சில் அனுப்பினால் அவர்கள் வந்துவிடுவார்களா என்றால், அதுவும் முழுதாக நடக்காது. குரோமோசோம்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் சில துண்டுகளாக மட்டுமே வெட்டப்பட்டு மாற்றி ஒட்டப்படுகின்றன. பத்துத் தலைமுறை தாண்டி நம்மிடம் வந்து சேரும் துண்டுகள் சில நூறுதான், முன்னோர் இடங்களோ ஆயிரத்துக்கு மேல். அதனால் அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமிருந்து நமக்கு ஒரு துண்டுகூட வந்திருக்காது. பாட்டி உண்மையான பாட்டிதான், உடம்பில் அவளுடைய எழுத்து ஒன்றுகூட இல்லை. அவளைக் கண்டுபிடிக்கக் காகிதம்தான் வழி.

டி.என்.ஏ. சொல்லும் சேதி பெரும்பாலும் கூட்டத்தைப் பற்றியது, குடும்பத்தைப் பற்றியது அல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ராமசாமி பிச்சப்பன் குழு எடுத்த ரத்த மாதிரிகளில், மதுரைக்குப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்து இளைஞர் ஒருவரிடம் எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளம் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதர்களின் தடம் அது என்று மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் எழுதியதும், ‘முதல் இந்தியர்’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்த இளைஞருக்கும் பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள்தாம். எம்130 சொன்னது அதில் ஒரு இடத்தைப் பற்றி மட்டும். நம் எல்லாருக்குமே ஆதி மனிதர்கள் முன்னோர்தான், தடம் தெரிகிறதா இல்லையா என்பதே வித்தியாசம்.

இன்னொரு ஆய்வு நடைமுறைக்கு உதவுவது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோர் அடங்கிய குழு 2017இல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்தது. அவற்றில் 81 சமூகங்கள், சிறிய எண்ணிக்கையிலான மூதாதையரிடமிருந்து பெருகி, வெளியே மணக்காமலே இருந்துவந்ததன் தடயத்தை வலுவாகக் காட்டின. வைசியச் சமூகத்தில் ஒரு நொதிக் குறைபாடு மற்றவர்களிடம் இருப்பதைவிட நூறு மடங்கு அதிகம். அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து அவர்களுக்கு ஆபத்தாகிவிடலாம் என்பதால், மயக்க மருத்துவர்கள் முன்கூட்டியே விசாரிக்கிறார்கள். எந்தச் சொந்தக்காரர் எதனால் இறந்தார் என்று குடும்ப வரலாற்றில் ஒரு கட்டம் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

காகிதத்துக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் பட்டா, அடங்கலை நம்பித் தேடத் தொடங்குபவர் 1950களோடு முட்டி நிற்பார். இராமநாதபுரம் சமஸ்தானம் 1803இல் நிரந்தரமாகத் தீர்வை நிர்ணயிக்கப்பட்ட ஜமீனானது. குடியானவர் கணக்கு ஜமீன் கச்சேரியில் இருந்தது, கலெக்டர் கச்சேரியில் இல்லை. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அரசாங்கம் ஒவ்வொரு காட்டையும் அளந்து பெயர் எழுதியது. ஆகவே அதற்கு முன் பாட்டன் பெயர் அரசுக் கணக்கில் இல்லையென்றால் அவர் நிலமில்லாதவர் என்று முடிவுகட்டக் கூடாது. பத்திரப் பதிவு 1860களிலேயே தொடங்கிவிட்டது, அங்கே போகலாம். பத்திரத்தில் எல்லாரும் வாங்கியவர், விற்றவர் பெயரைப் பார்ப்பார்கள். நான்கெல்லையைப் பாருங்கள். ‘இன்னார் பாகத்துக்குக் கிழக்கு, இன்னார் பாகத்துக்குத் தெற்கு’ என்று இருக்கும். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில்தானே கிடப்பார்கள்? பங்காளிகள் எல்லை வாசகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இணையத்தில் வில்லங்கம் பார்த்தால் பெரும்பாலும் 1975 வரைதான் போகும், அதற்கு முந்தையதை மனுக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிறப்புப் பதிவேட்டில் பழைய பக்கங்களில் பிள்ளையின் பெயர் இருக்காது, ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்றுதான் இருக்கும். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள். அதோடு தாத்தா பெயரை நாலு பேரன்களுக்கும் வைக்கும் வழக்கம் வேறு. ஒரே காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர். பட்டப்பெயர் இல்லாமல் பிரிக்க முடியாது, பட்டப்பெயரோ எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. 1980இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது, அந்தப் பட்டப்பெயர்களைத் தலைக்குள் வைத்திருந்தவர்களும் கச்சேரியை விட்டுப் போய்விட்டார்கள்.

அரசாங்கம் எழுதாததை வீடு எழுதியது. நம் பக்கத்து மொய் நோட்டைவிட நல்ல உறவுப் பதிவேடு எந்த நாட்டிலும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர், பெயர், தொகை, தேதி. தாய்மாமன் யார், சம்பந்தக்காரர் எந்த ஊர், எந்த வருஷத்தில் எந்தக் குடும்பத்தோடு போக்குவரத்து நின்றது என்று எல்லாம் அதில் இருக்கிறது. எழுதியவர் வரலாறு எழுதுவதாக நினைக்கவில்லை, கடன் கணக்கு எழுதினார். அதனாலேயே அதில் பொய் குறைவு.

பக்கத்துச் சீமையில் நகரத்தார் இன்னும் ஒழுங்கு. அவர்களுடைய ஒன்பது கோயில்களில் அவரவர் கோயில் கல்யாணத்துக்கு மாலை அனுப்பும், அதோடு புதுத் தம்பதி ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கில் ஏறும். அப்படி ஒரு நிறுவனப் பதிவு வாய்க்காத நமக்குப் பரணில் கிடக்கும் நோட்டுத்தான்.

நிலம் இருந்தவரைவிடக் கப்பல் ஏறியவரைப் பற்றி அதிக விவரம் இருக்கிறது என்பது இந்தத் துறையின் பெரிய முரண். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் தனித்தனி எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் உண்டு. பெண்ணுக்கும் தனி வரி. ஊரில் எந்தக் கணக்கிலும் ஏறாத ஒரு கூலிக்காரப் பெண் கப்பல் பட்டியலில் தன் பெயரோடு நிற்கிறாள். மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் வந்து இறங்கியவர்களின் புகைப்படங்களே இருக்கின்றன. அவர்களுடைய சந்ததியார் ஏழாம் தலைமுறை வரை ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம் என்று 2024இல் இந்தியா அறிவித்ததும் அந்தக் காப்பகத்தின் மதிப்பு கூடியிருக்கும்.

ஆனால் இந்த வட்டாரத்திலிருந்து பெருங்கூட்டம் போனது கங்காணி பின்னால், மண்டபம் வழியாக, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு. அவர்களுக்கு இந்த அளவு விவரமான ஒப்பந்தத் தாள் கிடையாது. அதன் விலையை 1948இல் கொடுத்தார்கள். இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அப்பா அங்கே பிறந்ததற்கோ, தன் பிறப்போடு அப்பா வழித் தாத்தா, பூட்டன் என இரண்டு தலைமுறைகள் அங்கே பிறந்ததற்கோ ஆதாரம் கேட்டது. மலையில் லயத்தில் பிறந்தவனிடம் ஏது ஆதாரம்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகச் சொன்னது. வம்சாவளி என்பது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு சட்டம் போதும்.

கடைசியாக, வாய்மொழிக் கதை. தெலுங்கு பேசும் குடும்பங்களைக் கேட்டால், வடக்கே ஒரு ராஜா பெண் கேட்டான், கொடுக்க மறுத்து இரவோடு இரவாகக் கிளம்பினோம், ஆற்றங்கரை மரம் வளைந்து பாலமாகி அக்கரை சேர்த்தது என்பார்கள். இந்தக் கதையைப் பல சமூகங்கள் சொல்கின்றன. பயிலரங்கில் கற்றவர் இதை உண்மை என்றும் எழுதமாட்டார், பொய் என்றும் தள்ளமாட்டார். யார் சொன்னார், எப்போது சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று எழுதிவைத்துக்கொண்டு, வேறு ஆதாரம் தேடுவார். ஐம்பது குடும்பங்களுக்குப் பொதுவான கதை ஒரு இடப்பெயர்வின் நினைவாக இருக்கலாம், உங்கள் குடும்பத்தின் சாட்சியம் ஆகாது.

அயலகத் தமிழ் இளைஞர்களைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துவரும் ‘வேர்களைத் தேடி’ திட்டத்தை அரசு 2023இல் தொடங்கியது. கோயிலும் கோட்டையும் காட்டுகிறார்கள், நல்லது. அதோடு பதிவு அலுவலகத்தில் எப்படித் தேடுவது, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எதைக் கேட்பது என்று அரை நாள் வகுப்பு வைத்தால் இன்னும் நல்லது. உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வகுப்பு அயலகத்தாரைவிட அதிகம் தேவை.

அதுவரை காத்திருக்க வேண்டாம். வருகிற மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் கூடும்போது ஒரு நோட்டை எடுத்துப் போங்கள். ஆண்கள் பெயர் தானாக வந்து சேரும். வந்த மருமகள்கள் எந்த ஊர், அவர்களைப் பெற்றவள் பெயர் என்ன என்று மெனக்கெட்டுக் கேளுங்கள், அந்த 1,022 பேரில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். அப்பத்தா சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் அவள் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும். எடைக்குப் போடும் முன் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.